வெறுங்கால்

கார் சீட்டை முன்னே தள்ளுகிற சாக்கில் அவர் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டார்.

வலது பாதம் பிரேக் மேல்தான் இருந்தது.

இப்போதெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் அது தெரிகிறது.

செருப்பை ஷோரூம் வாசலிலேயே விட்டுவிட்டு ஏறியிருந்தார். முப்பது வருடப் பழக்கம். வெறுங்காலில் மிதித்தால்தான் வண்டியின் குணம் பிடிபடும் என்று மற்ற டிரைவர்களிடம் அளந்துவிடுவார். அதுவும் ஒரு காலத்தில் உண்மையாகத்தான் இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் முதலாளியின் மில்லில் சர்க்கரை நோய்க்கு முகாம் போட்டார்கள். கண்ணை மூடச் சொல்லி, டாக்டர் பெண் பாதத்தில் எதையோ வைத்து அழுத்தினாள். எப்போது அழுத்துகிறாள் என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக நாலு தடவை "தெரியுதுங்க" என்றார். அவள் எழுதிக் கொடுத்த சீட்டைப் பேருந்து நிலையக் குப்பைத் தொட்டியில் போட்டார். மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஐம்பத்தாறு வயது டிரைவருக்குக் கால் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

"போலாமா மயில்சாமி?"

பின்சீட்டில் முதலாளி. இதுவரை வாங்கிய நாலு காரும் மயில்சாமி ஓட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகு வாங்கியவைதான். ஊருக்கெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்வார். இந்த ஐந்தாவது கார் பேத்திக்காக. திங்கட்கிழமையிலிருந்து குழந்தை புதுப் பள்ளிக்கூடம் போகிறாள். பதினெட்டு கிலோமீட்டர், பைபாஸ் வழியாக.

விலை குறைந்த பேஸ் மாடலை ஏற்கனவே ஒரு சுற்று ஓட்டியாகிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. சாலை காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

இது டாப் மாடல்.

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த விற்பனைப் பெண் பெனிட்டா மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டு வந்தாள். இதில் ஏர் சஸ்பென்ஷன், அதில் ஸ்பிரிங். இதில் சீட்டே குளிர்காற்று விடும். வளைவில் ஸ்டியரிங் தானாக இறுகும். ஆபத்து என்றால் கார் தானே பிரேக் போடும். அதில் இதெல்லாம் கிடையாது.

பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒன்றுமே தெரியவில்லை.

"பஞ்சு மாதிரி போகுது," என்றார் முதலாளி.

மயில்சாமி மறுபடியும் காலைப் பார்த்தார். பழைய வண்டியில் முழங்காலை வைத்தே ஒப்பேற்றிவிடுவார். எவ்வளவு அழுத்தினால் எங்கே நிற்கும் என்று தொடைக்குத் தெரியும். இந்த வண்டி புதிது. தொடைக்கும் புதிது.

பைபாஸ்.

எண்பது.

முன்னால் தக்காளி ஏற்றிய மினி லாரி. ஒரு நாய் குறுக்கே ஓடியது. லாரி நின்றேவிட்டது.

மிதித்தார். உயிரைத் திரட்டி மிதித்தார்.

பெல்ட் நெஞ்சை இறுக்கியது. டயர் கத்தியது. லாரியின் பின்கதவுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

திரையில் ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

குனிந்தார்.

பாதம் பிரேக்கில் இல்லை. அதற்கு இடப்பக்கம், வெறும் தரையில் இருந்தது. அவ்வளவு பலத்தையும் தரைவிரிப்பின் மேல் காட்டியிருந்தார்.

நிமிர்ந்தபோது பெனிட்டாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட்றா சக்கை!" பின்னாலிருந்து முதலாளி அவர் தோளைத் தட்டினார். "காலுன்னா இது காலு!"

பெனிட்டா ஒப்பிப்பதை நிறுத்தியிருந்தாள்.

திரும்பி வரும்போது முப்பதுக்கு மேல் போகவில்லை. முதலாளி கேட்டதற்கு, புது வண்டி என்றார்.

வாசலில் இறங்கி, செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு, முதலாளியின் பின்னாலேயே உள்ளே போனார்.

காபி வந்தது. மேசையில் இரண்டு மாடலின் அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. முதலாளி டாப் மாடல் அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"தானா பிரேக் போடறதுக்கு எதுக்கம்மா தண்டத்துக்குக் காசு? எனக்குத்தான் மயில்சாமி இருக்கானே. நீயே பாத்தியல்ல?"

பெனிட்டா மயில்சாமியைப் பார்த்தாள்.

சொல்லிவிடுவாள் என்று நினைத்தார். சொன்னால் அவளுக்கு விலை கூடிய வண்டி விற்கும்.

அவளோ எழுந்து வெளியே போனாள்.

அவர் மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. முதலாளியிடம் டாப் மாடலே இருக்கட்டுமென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேட்டுக்கொள்வார். அப்புறம் வண்டி பார்த்துக்கொள்ளும். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. பொண்ணு கல்யாணம் வரைக்கும், இன்னும் ரெண்டே வருஷம்.

"என்னப்பா, பேஸ் மாடலே சொல்லீர்லாமா? பாப்பாவக் கூட்டிட்டுப் போறவன் நீ. நீயே சொல்லு."

வாயைத் திறந்தார்.

பெனிட்டா திரும்பி வந்தாள். கையில் ஒரு செருப்பு. தேய்ந்துபோன வலது கால் செருப்பு. குனிந்து அவர் காலருகே வைத்தாள்.

அவர் கீழே பார்த்தார்.

இடது காலில் செருப்பு இருந்தது. வலது பாதம் பளபளக்கும் வெள்ளைத் தரையில் வெறுமையாக நின்றது. வாசலில் இருந்து அவ்வளவு தூரமும் அப்படியேதான் நடந்து வந்திருக்கிறார்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒத்தச் செருப்போட நடந்து வந்தியாக்கும்? பிரேக் போட்ட பயம் இன்னும் போகலியா?"

மயில்சாமி செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து பழைய காரின் சாவியை எடுத்தார்.

"அய்யா, வீட்டுக்குப் போறப்ப வண்டிய நீங்க ஓட்டுங்க."

முதலாளி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சாவி நீட்டிய கை அப்படியே நின்றது.

சிரிப்பு மெல்ல அடங்கியது. முதலாளி முதல்முறையாக அந்தக் காலைப் பார்த்தார்.