மூன்று வீட்டு அம்மா

“அம்மா எனக்குத்தான். தலைப்பிள்ளை நான்!” மூத்தவர் மேசையில் ஓங்கித் தட்டினார். ஆடிட்டரின் மூக்குக்கண்ணாடி துள்ளிக் கீழே விழுந்தது.

“உனக்கென்னண்ணா, நீ எப்படியும் பொழைச்சுக்குவ. அம்மா இல்லேன்னா நான் குடும்பத்தோட தெருவுலதான் நிக்கணும்.” இரண்டாமவர் குறுக்கே பாய்ந்தார். கடைக்குட்டி ஆடிட்டரின் காலைப் பிடிக்க மேசைக்கடியில் குனிந்துவிட்டார்.

பக்கத்து அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் காலத்தில் இப்படியும் பிள்ளைகளா! அதற்குப் பிறகு அவள் அடித்ததெல்லாம் பிழை.

சங்கதி வேறு. பெற்றவரைக் கூடவே வைத்துக் காப்பாற்றுகிறவருக்கு வருமான வரியில் சலுகை உண்டு. மூன்று புத்திசாலிகளும் ஒருவரிடம் ஒருவர் மூச்சுவிடாமல், ஒரே அம்மாவை வருஷம் முழுக்கத் தத்தம் வீட்டிலேயே இருப்பதாகக் காட்டி வரியைக் குறைத்திருந்தார்கள். வரி ஆபீசில் மோப்பம் பிடித்துவிட்டார்கள். மத்தியானம் விசாரணை. மூவரும் பார்க்கிற உத்தியோகம் அப்படி, பொய்க்கணக்கு என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், சீட்டு கிழிந்துவிடும்.

“ஒரே கோழியை மூணு சந்தையில வித்திருக்கீங்களே!” ஆடிட்டர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். “அம்மாவையும் கூட்டிட்டு வாங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?”

“வந்துருவாங்க சார்.” மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூன்று தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. வந்தவர்கள் வேறு யார் யாரோ.

“டேய், இந்த ஒரு தடவை எனக்கு விட்டுக் குடுங்கடா,” மூத்தவர் கை கூப்பினார். தம்பிகள் முன்னால் அவர் கை கூப்பியது அதுதான் முதல் தடவை. “வேலை போச்சுன்னா நாண்டுக்கிட்டுதான் சாகணும்.”

“அப்ப நாங்க மட்டும் என்ன, பாயசம் குடிக்கவா போறோம்?” என்றார் இரண்டாமவர்.

“நிறுத்துங்க!” ஆடிட்டர் கையை உயர்த்தினார். “முறை வெச்சுத்தானே பார்த்துக்கறீங்க? இப்ப அம்மா நிஜமா யார் வீட்டுல இருக்காங்க? அவங்களே வந்து, ‘மூணு பிள்ளைங்களும் என்னை நல்லாத்தான் வெச்சிருக்காங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். கட்ட வேண்டியதைக் கட்டிட்டு, மூணு பேர் வேலையையும் காப்பாத்திடலாம்.”

மூத்தவருக்கு மூச்சு வந்தது. இரண்டாமவர் பக்கம் திரும்பினார். “போடா, போய்க் கூட்டிட்டு வா. என் முறை முடிஞ்சதும் ஸ்கூல் லீவுல உன் வீட்டு வாசல்ல நான்தானே இறக்கிவிட்டேன்?”

“நாங்க அப்ப டூர் கிளம்பிட்டிருந்தோம்ணா. அதே வாசல்ல ஒரு டாக்ஸி புடிச்சு, சின்னவன் வீட்டு அட்ரஸைச் சொல்லி அனுப்பிட்டேன். கையோட வாடகையும் குடுத்துட்டேன்.”

“அப்பாடா!” ஆடிட்டர் கடைக்குட்டியின் முதுகில் தட்டினார். “எழுந்திருங்க சார், எல்லாரும் பொழைச்சோம். ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க.”

கடைக்குட்டி எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அந்த வீட்டை நான் அதுக்கு முன்னாடியே காலி பண்ணிட்டேண்ணா.”