கையெழுத்துப் போடாத கிட்டு

"எங்க ஊர்ல இதைப் பாஸ் பண்ண மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார் கிட்டு.

பத்ரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'எங்க ஊர்' என்று அவர் சொன்னது ஜெர்மனியை. பிறந்து வளர்ந்தது என்னவோ இங்கே புனேவில், பக்கத்துக் கட்கியில்தான். இருபது வருஷமாக ஜெர்மனியில் வேலை. அங்கே ஓடிக்கொண்டிருந்த பிரஸ் மெஷினைக் கம்பெனி இங்கே சாகணுக்கு மாற்றுகிறது. சரியாக ஓடுகிறது என்று கிட்டு கையெழுத்துப் போட்டால்தான் உற்பத்தி ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமைக்குள் போடாவிட்டால் ஆர்டர் ருமேனியாவுக்குப் போய்விடும்.

ஆர்டர் போனால் பத்ரியின் வேலையும் போகும். மெஷினை ஓட்டிக் காட்டும் பொறுப்பு அவனுடையது. இதை நம்பித்தான் கோயம்புத்தூரில் இருந்த வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு சிஞ்ச்வட்டுக்கு வந்திருந்தான்.

"இன்னைக்கு என்னங்க சார் குறை?"

"ஓரத்துல கீறல்."

"பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தாத்தானுங்க தெரியும்."

"எங்க ஊர்ல வெச்சுத்தான் பார்ப்பாங்க."

நேற்று எண்ணெய்க் கறை. அதற்கு முன்னால் பெயிண்ட். முதல் நாளோ, டேப்.

அந்த மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. வேகம் போதவில்லை என்று, ஒரு பட்டனை அமுக்கினபடியே டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். கிட்டு அதை உரித்தார்.

"யார் ஒட்டினது?"

ஆபரேட்டர் வைஷாலி தலையைக் குனிந்துகொண்டாள். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் கிடந்த டேப் சுருளைக் கிட்டு எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கேன்டீனில் பத்ரி புலம்பினான். எதிரே ஷிஃப்ட் சூப்பர்வைசர் முகமது இஸ்மாயில். மூன்று தலைமுறையாகக் கட்கியில் இருக்கும் தமிழ்க் குடும்பம்.

"அரே பத்ரி பாய், இதுகூடப் புரியலையா? இங்க மெஷின் ஓடிச்சுன்னா அங்க அந்த டிபார்ட்மென்ட்டையே இழுத்துப் பூட்டிடுவாங்க. தன் நாற்காலியைக் காப்பாத்திக்கறார் மனுஷன்."

"அப்படிங்களா?"

"பின்னே? அங்க ஒரு ஆபரேட்டர் ஒரு மணி நேரத்துல வாங்கறதை நம்ம வைஷாலி மூணு நாள் நின்னு வாங்குது. கரண்ட் பில் வேற அங்கே கழுத்தைப் பிடிக்குதாம். மெஷின் இங்கே வராம எங்கே போகும்? அவங்க இறங்கறாங்க, நாம ஏறறோம். பொறுக்கலை!"

தட்டில் வடாபாவோடு கிட்டு வந்து அதே மேஜையில் உட்கார்ந்தார். பத்ரியால் அடக்க முடியவில்லை.

"சார், நேராவே கேட்கறேனுங்க. உங்க வேலை போயிடும்னுதானே இழுத்தடிக்கறீங்க?"

இஸ்மாயில் சட்டென்று தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

கிட்டு பச்சை மிளகாயைக் கடித்தார். "எங்க ஊர்ல இவ்வளவு நேராக் கேட்டா மெச்சுவாங்க."

அவ்வளவுதான் பதில்.

அன்று சாயங்காலமும் கண்ணாடி அறைக்குள் அவர் போனில் ஜெர்மன் பாஷையில் கத்திக்கொண்டிருந்தார். மேஜையை வேறு தட்டினார். 'அங்கே இருக்கறவங்களுக்குத் தைரியம் சொல்றார் போல' என்று பத்ரி பல்லைக் கடித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை. விமானத்தில் வந்த ஒரு மரப்பெட்டி மெஷின் அருகே இறங்கியது. கிட்டு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தானே நின்று அதிலிருந்ததைப் பொருத்தினார். பிரஸ்ஸின் இரு பக்கமும் இரண்டு கம்பங்கள்.

மெஷினை ஓட்டச் சொன்னார். பிரஸ் இறங்கும்போது ஒரு துடைப்பக் குச்சியை உள்ளே நீட்டினார். குச்சி கம்பங்களைத் தாண்டியதுமே பிரஸ் பாதியில் நின்றுவிட்டது.

"ருக் கயா!" என்று வைஷாலி கூவினாள். குச்சியை வாங்கித் தானும் நீட்டிப் பார்த்தாள். மறுபடியும் நின்றது. சிரித்துவிட்டாள்.

"இது என்னங்க சார்?"

"கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை. கை குறுக்கே போனா மெஷின் நின்னுடும். அங்கே இது இல்லாம ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. இங்கே அனுப்பறப்ப செலவு மிச்சம்னு கழட்டிட்டாங்க. இந்தியாவுல யாரும் கேட்க மாட்டாங்கன்னாங்க. அனுப்பாம கையெழுத்துப் போட மாட்டேன்னு முதல் நாள்லேர்ந்தே போன்ல சண்டை."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேங்க?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? 'பரவாயில்லை, நாங்க பார்த்துக்கறோம், முதல்ல ஆர்டர் வரட்டும்'னு எழுதிக் கொடுத்திருப்பீங்க."

பத்ரி காகிதத்தை அவர் முன்னால் நீட்டினான்.

கிட்டு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பத்ரி போனைக் கையில் எடுத்தான். மனைவி தீப்திக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் அவளும் சரியாகச் சாப்பிட்டு நாலு நாள் ஆகிறது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"சார்... உங்க வேலை?"

"நீங்க கேட்டது சரிதான். இந்த மாசத்தோட முடியுது" என்றார், பேனாவை மூடியபடி. "எனக்கு ஊரும் இருக்கு, பென்ஷனும் வரும். அந்தப் பொண்ணுக்குக் கைதானே இருக்கு?"

கிளம்பும்போது ஏதோ நினைவு வந்தவராகப் பையைத் துழாவி, டேப் சுருளை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க. இனிமே தேவைப்படாது. பட்டனையும் அமுக்க வேண்டாம்; கை வெளியே வந்ததுமே பிரஸ் இறங்கும், வேகமும் குறையாது."

பத்ரி வாங்கிப் பார்த்தான். சுருளின் உள்வட்டத்தில், யாரும் சுட்டுவிடக் கூடாதென்று அவனே மார்க்கரால் எழுதி வைத்த பெயர்: பத்ரி.

"முதல் நாளே பார்த்துட்டேன்" என்றார் கிட்டு. "ரிப்போர்ட்ல எழுதியிருந்தா, எங்க ஊர்ல எனக்கு முன்னாடி உங்களைத்தான் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."