ஒன்பது மணிக் கையெழுத்து

ரகசியக் கோப்புப் பிரிவில் வேலை கேட்டு வந்த தட்டச்சர், விசாரணைப் படிவத்தில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கல்லூரியில் காப்பியடித்து மாட்டியது, பழைய மேலாளரோடு மல்லுக்கு நின்றது, மனைவிக்குத் தெரியாமல் மொட்டைமாடியில் சிகரெட் பிடிப்பது என எல்லாமே அதில் இருந்தன.

விசாரணை அதிகாரி கடைசிப் பக்கத்தையும் படித்து முடித்தார்.

"இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. மறைச்சாதான் எங்களுக்கு ஆபத்து."

தட்டச்சருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"ஆனா இதுக்கு என்ன சொல்றீங்க?" அதிகாரி, வாசலிலிருந்து வரவழைத்திருந்த பார்வையாளர் பதிவேட்டை முன்னால் தள்ளினார். "ஒன்பது மணிக்கு வந்ததா எழுதியிருக்கீங்க. வந்தது ஒன்பதரைக்குன்னு காவலாளி போன் பண்ணிச் சொல்றார். இந்த ஒரு பொய் போதும், உங்களைத் திருப்பி அனுப்ப."

தட்டச்சரின் முகம் தொங்கிப் போயிற்று.

"தப்புதான் சார். பஸ்ஸை விட்டுட்டேன். எனக்கு முன்னாடி மூச்சிரைக்க ஓடி வந்தவர், ஊழியர் பதிவேட்டுல ஒன்பதுன்னு எழுதிட்டு உள்ளே போனார். இங்க அதான் வழக்கம் போலன்னு நானும் எழுதிட்டேன்."

"எங்க ஆளுங்க யாரும் அப்படிச் செய்யமாட்டாங்க. யாரு அது? அடையாளம் சொல்லுங்க, பார்ப்போம்."

"முகத்தைப் பார்க்கலை சார், முதுகைத்தான் பார்த்தேன்." தட்டச்சர் கொஞ்சம் யோசித்தார். "சட்டைக் காலருக்குப் பின்னாடி சலவைக்கடைச் சீட்டு பிய்க்காம அப்படியே இருந்துச்சு."

அதிகாரியின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.