பழைய ரவுட்டருக்கு ஒரு நிபந்தனை

"ரவுட்டரை எடுத்துண்டு போங்கோ. ஆனா வைஃபை பேரை மாத்தப்படாது. பாஸ்வேர்டும் இதேதான் இருக்கணும்."

பெருந்தேவி மாமி இப்படிச் சொன்னதும் பெஞ்சமினுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் இதுல வேற சாஃப்ட்வேர் ஏத்தப் போறேன் மாமி. பழைய பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சிடும்."

"அழியட்டும். திரும்ப அதையே போட்டுடுங்கோ. செய்வேளோல்லியோ?"

பாதி விலைக்கும் கீழே கொடுக்கிறார். பெஞ்சமின் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டான்.

வரும் வழியெல்லாம் குழப்பம். விளம்பரம் பார்த்து போன் செய்தபோது மாமி கேட்ட முதல் கேள்வி, "உங்க வீடு எங்கே?" மாமல்லபுரத்தில் பூஞ்சேரி போகிற ரோடு என்றதும், கேட்காமலே விலையைக் குறைத்தார். புதுப்பட்டினத்திலிருந்து ஒருவர் அதிக விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லையாம்.

பழைய ரவுட்டரில் கம்பெனி சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டு, நெட்டில் இலவசமாகக் கிடைக்கிற வேறொன்றை ஏற்றுவது பெஞ்சமினுக்குப் பிடித்த வேலை. அப்புறம் அது புதுசு மாதிரி ஓடும். யார் யார் போன் உள்ளே வருகிறது என்றும் பளிச்சென்று காட்டும்.

இந்த ரவுட்டர் பாதியிலேயே விளக்கெல்லாம் அணைந்து பயமுறுத்தியது. ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்திப் பிடித்து, மறுபடி ஏற்றி, ஒருவழியாக உயிர் கொடுத்தான். மாமி சொன்ன பேரையும் பாஸ்வேர்டையுமே போட்டான்.

மறுநாள் லேப்டாப்பைப் பார்த்தவன் மனைவியைக் கூப்பிட்டான்.

"ரெஜினா, நம்ம வூட்டுல ரெண்டு போன்தானே? மூணாவதா ஒண்ணு உள்ள வந்துகீது!"

ரெஜினா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். எதிரே சின்னப் பாலத்துக் கட்டையில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர்.

"யாரோ குந்தினுகீறாரு. போனு சட்டைப் பையில கீது. அதைத் தொடக்கூட இல்ல."

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. மூன்றாவது போனும் மறைந்தது. அதற்கடுத்த நாளும் இதே கதை.

கேட்டதும் நண்பன் கலைவாணன் சிரித்தான்.

"இதுகூடப் புரியலையா மச்சான்? பாஸ்வேர்டு தெரிஞ்ச பெட்டிய உன் தலையில கட்டிட்டு, ஆளை வுட்டு உன் நெட்டை ஓசியில உறிஞ்சிகினு கீது அந்தம்மா. பேங்க்ல கீற டப்பு பத்திரம்!"

அன்றைக்கே பெஞ்சமின் பேர், பாஸ்வேர்டு இரண்டையும் மாற்றினான். மறுநாள் காலை பெரியவர் மறுபடி வந்து உட்கார்ந்தார். மூன்றாவது போன் வரவில்லை. ஆட்டோவும் வரவில்லை.

"இப்போ இன்னா பண்ணுவாங்களாம்?" என்று பெஞ்சமின் சிரித்துக்கொண்டான்.

மதியம் வாசலில் ஆட்டோ நின்றது. பெருந்தேவி மாமி செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார்.

"பேரை மாத்திட்டேளா?"

"மாத்திட்டேன்! அடுத்தவன் வூட்டு நெட்டைத் திருடுறதுக்கு ஆள் வேற அனுப்புவீங்களா? நான் போலீசுக்குப் போவேன்."

மாமி எதிரே பாலத்துக் கட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"தொப்பி போட்டுண்டு இங்கே ஒருத்தர் வந்து உக்காருவாரே... இன்னிக்கு வந்தாரா?"

"காலையில வந்தாரு மாமி," என்றாள் ரெஜினா. "ரொம்ப நேரம் குந்தியிருந்தாரு. அப்புறம் எழுந்து அந்தப் பக்கம் போனாரு."

"அந்தப் பக்கமா?" மாமி கதவைப் பிடித்துக்கொண்டார். "அவர் எங்காத்துக்காரர். காலம்பறலேர்ந்து காணலை."

பெஞ்சமினுக்கு இன்னும் புரியவில்லை. ஆனாலும் பைக்கை எடுத்தான்.

ஈ.சி.ஆர். ரோட்டின் நடுத்தடுப்பில் பெரியவர் நின்றிருந்தார். இரண்டு பக்கமும் பஸ்கள் ஹாரன் அடித்தபடி பறந்தன. அவர் ஒரு காலை ரோட்டில் எடுத்து வைத்த நேரம், பெஞ்சமின் பாய்ந்து போய்க் கையைப் பிடித்தான்.

"என் குரூப் எங்கே தம்பி?" என்றார் பெரியவர். "பஸ் வந்தாச்சா?"

அவர் கை வெயிலில் கொதித்தது.

"வந்துகினே கீது சார். நீங்க வண்டியில ஏறுங்க."

வீட்டு வாசலில் அவர் முகத்தை மாமி முந்தானையால் துடைத்தார். ரெஜினா தண்ணீர் கொடுத்தாள்.

"மாமி, சத்தியமா புரியல. இவருக்கும் ரவுட்டருக்கும் இன்னா சம்பந்தம்?"

"வெளியே வந்தா திரும்பற வழி மறந்துடறது தம்பி. போன்ல சிம் போட்டா கழட்டி எறிஞ்சுடறார். ஆனா எங்காத்து வைஃபை பேரும் பாஸ்வேர்டும் எங்கே இருந்தாலும் அந்தப் போன் தானா ஒட்டிக்கும். உடனே இவர் இருக்கற இடம் என் போன்ல தெரியும். நான் ஆட்டோ பிடிச்சுண்டு வந்து கூட்டிண்டு போயிடுவேன். அதுக்குத்தான் பழைய ரவுட்டரா வாங்கி, இவர் நடக்கற வழியில இருக்கறவாளுக்குக் கொடுத்துண்டிருக்கேன்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமி?"

"எத்தனையோ வருஷம் வெளிநாட்டுக்காராளுக்கெல்லாம் இந்த ஊரைச் சுத்திக் காட்டின கைடு இவர். இவருக்கே வழி தெரியலைன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

பெஞ்சமின் குரல் இறங்கிவிட்டது. "மத்த வூட்டுலல்லாம்..."

"யாரும் மாத்தலை." மாமி கணவரை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினார். "உங்க வீடுதான் தம்பி கடைசி. அதைத் தாண்டினா ஈ.சி.ஆர்."