கரையான் தின்ற கதவு

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளையர் தேவாலயத்தின் வாசல் கதவைக் காணவில்லை.

பூட்டு உடையவில்லை. கதவையே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கீலில் இருந்த திருகாணி பன்னிரண்டையும் ஒரு ஜாம் புட்டியில் போட்டு, மூடி, படியில் வைத்திருந்தது.

"திருட்டுப் பயலுக்கு எவ்வளவு ஒழுங்கு பாரு!" என்றார் ஊர் ஓட்டுப் போட்டு வைத்த போலீஸ் அதிகாரி, ஷெரீஃப் ஆர்வில். புட்டியைச் சாட்சிப் பொருளாகத் தன் லாரியில் வைத்துக்கொண்டார்.

வேறு வாரமென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அந்தப் புதன்கிழமைதான் சபை கைதூக்கித் தீர்மானம் போட்டிருந்தது. கறுப்பர்கள் ஆராதனைக்கு வந்தால் கதவைச் சாத்திவிடுவது என்று. அந்த வருஷம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் முழுக்க வெள்ளையர் தேவாலயங்களுக்கு அவர்கள் அப்படி வந்துகொண்டிருந்தார்கள்.

"கதவே இல்லாம எதைச் சாத்துறது?" என்றார் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர். 

"நீங்க வாசல்ல குறுக்கே நில்லுங்க," என்றார் இன்னொருவர்.

"நான் நின்னா என் பெஞ்சுல நீங்க உட்கார்ந்துடுவீங்க. எங்க தாத்தா காலத்துப் பெஞ்சு!"

ஒருவரும் பெஞ்சை விடவில்லை.

பதினோரு மணிக்குத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழு கறுப்பர்கள் வந்தார்கள். முன்னால் எஸெல். வாரத்தில் ஆறு நாள் தச்சர், ஏழாம் நாள் அவர்கள் சபைக்குப் போதகர். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பாடினார்கள். போனார்கள்.

கூரை இடிந்து விழவில்லை. அவர்கள் பாட்டு மட்டும் பாடகர் குழுவைவிட நன்றாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அவன் தச்சன். திருப்புளி வச்சிருக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி?" மருந்துக்கடை மூப்பர் போக், ஷெரீஃபின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள அவன் உள்ள இருக்கணும். இல்லேன்னா அடுத்த தேர்தல்ல நீ வெளிய."

ஆர்வில் மனைவியிடம் போனார். ஸெல்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு லாரியில் சாய்ந்திருந்தாள். துப்பறியும் கதைகளாகப் படிப்பவள். முப்பத்தொரு வருஷமாக அவர் வழக்கெல்லாம் அவளைக் கேட்டுத்தான் முடியும்.

"உன் புத்தகத்துலல்லாம் யாரு திருடன்?"

"சந்தேகமே வராத ஆளு."

"போக்கா?"

"சந்தேகமே வராத ஆளுன்னு சொன்னேன்."

"அப்ப எஸெலைத்தான் பிடிக்கணும்."

அவள் முகம் மாறியது. "அவர் இல்ல. பிடிக்கத்தான் போறீங்கன்னா வெறும் வயித்தோட போங்க. அங்க இன்னிக்கு விருந்து. சாப்பிட்டுட்டு அப்புறம் பிடிங்க."

எஸெலின் சபைக்கு முன்னால் மரத்தடியில் நீள மேசை. வெள்ளைத் துணி. பொரித்த கோழி, அவரைப் பருப்பு, சுடச்சுட ரொட்டி. ஆர்வில் லாரியை விட்டு இறங்கி மேசையில் கையை ஊன்றினார்.

"ஏய் எஸெல், கதவு எங்க?"

"அதுலதான் கையை ஊன்றிட்டு நிக்கிறீங்க."

துணிக்கடியில் என்னவோ முட்டிக்கொண்டிருந்தது. தூக்கினார். பித்தளைப் பிடி.

"நீ எடுத்தியா?"

"இல்ல. விடியறதுக்கு முன்னாடி கொண்டாந்து போட்டாங்க. கூட்டம் ஜாஸ்தி, மேசைக்கு ஆகும்னாங்க."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லலேன்னா நீதான் உள்ள போகணும்."

"தெரியும். மாத்துத் துணி எடுத்து வச்சிட்டேன்." நாற்காலிக்கடியில் ஒரு காகிதப் பை இருந்தது.

எஸெலின் மனைவி ஷெரீஃப் முன்னால் தட்டை ணங்கென்று வைத்தாள். "சாப்பிடுங்க. பசியோட விலங்கு மாட்டினா கை நடுங்கும்."

உட்கார்ந்தார். ரொட்டியில் ஜாமைத் தடவினார். ஒரு கடி கடித்தார்.

நிறுத்தினார்.

அத்திப்பழ ஜாம். அதில் சுக்கு. நாக்கு எரியும் அளவுக்குச் சுக்கு. அந்த வட்டாரத்தில் ஜாமை இப்படிக் கெடுப்பவள் ஒருத்திதான். முப்பத்தொரு வருஷமாகத் தினமும் காலையில் வாய் திறக்காமல் அவர் விழுங்கி வருவது. லாரியில் கிடந்த புட்டியும் அதே புட்டி.

"எந்த லாரியில கொண்டாந்தாங்க?" குரல் இறங்கியிருந்தது.

எஸெல் ஷெரீஃபின் லாரியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "அதையும் சொல்ல மாட்டேன்."

ஆர்வில் ரொட்டியைத் தின்று முடித்தார். இன்னொன்றும் தின்றார். பிறகு குறிப்புப் புத்தகத்தை எடுத்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"கதவைக் கரையான் தின்னுடுச்சு."

"ஓக் மரத்தையா?" என்றார் எஸெல்.

"ஆமா."

"ஒரே ராத்திரியிலயா?"

"நல்ல பசி அதுக்கு. துணியை இழுத்து விடுங்க போதகரே, பிடி தெரியுது."

எஸெலின் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். அந்த ஊரில் எந்த வெள்ளைக்காரனும் அவள் புருஷனைப் போதகரே என்று கூப்பிட்டதில்லை.

சாயங்காலம் ஸெல்மா இடுப்புக்கு வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்தபடி கதை படித்துக்கொண்டிருந்தாள்.

"திருடன் கிடைச்சானா?"

"கரையான்."

"ம்." பக்கத்தைப் புரட்டினாள்.

ஆர்வில் திருகாணிப் புட்டியை அவளுடைய மற்ற ஜாம் புட்டிகளோடு வரிசையாக வைத்தார். போக்குக்கு என்ன சொல்வது, தேர்தலில் என்ன ஆகும் என்றெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

"வியாழக்கிழமை புதுக் கதவு மாட்டறாங்க," என்றார். "இரும்பு."

பக்கம் புரளும் சத்தம் நின்றது.

"சனிக்கிழமை ராத்திரி என்னை எழுப்பு. உன் இடுப்புக்கு ஆகாது."