ஐம்பத்திரண்டு கிலோ

"பிள்ளையே இல்லாத ஆளுக்கு எதுக்கய்யா மூட்டை?"

கேப்டன் கேட்டார். சனிக்கிழமை காலை ஆறு மணி. சர்ச்சுக்குப் பின்னால், மணிக்கூண்டுப் படிக்கட்டின் அடியில் ஒன்பது ஆண்கள். எட்டு மணல் மூட்டைகள்.

கேள்வி டாக்சிக்காரருக்கு. அவர் தன் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கேப்டனுக்கு டயர் கடை. பட்டாளத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் இந்த ஆண்கள் ஐக்கியத்தை ஆரம்பித்து, எல்லாரையும் விரட்டி விரட்டிப் படியேற்றியதில் பெயர் ஒட்டிக்கொண்டது.

சட்டமும் அவர் போட்டதுதான். மூட்டையின் எடை பிள்ளையின் எடை. பிள்ளை வளர வளர மணலும் ஏற வேண்டும். எழுபத்திரண்டு படி. நடுவில் தரையில் வைக்கக் கூடாது. முடியாதவனிடமிருந்து பின்னால் வருகிறவன் தோள் மாற்றிக்கொள்ள வேண்டும். உச்சியில் பிள்ளையின் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி, ஒரு வரி ஜெபித்துவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

உடம்பும் ஏறணும், விசுவாசமும் ஏறணும், நமக்கு அடுத்து வருகிற தலைமுறை நம்ம தோள்மேல நிக்கணும் என்பார். வாராவாரம் சொல்வார். யாரும் சிரித்ததில்லை. ஒரே வருஷத்தில் பிளம்பரின் தொப்பை காணாமல் போயிருந்தது. வகுப்பில் கத்தியே பழகிய கணக்கு வாத்தியார் தாழ்ந்த குரலில் ஜெபிக்கக் கற்றிருந்தார்.

கேப்டன் தோளில் மட்டும் இப்போது மூட்டை கிடையாது. லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம்.

நாலு மாதம் முன்பு அவருடைய ஒரே பையன், சர்ச்சுக்கும் வரமாட்டேன், டயர் கடைக்கும் வரமாட்டேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அந்தச் சனிக்கிழமையே கேப்டன் அத்தனை பேர் முன்னால் தன் மூட்டையை அவிழ்த்து, மணலைச் சுவரோரம் கொட்டினார். இனிமேல் சபையில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இந்த வளையம் என்றார். எவ்வளவு பெரிய மனசு என்றார் தச்சர்.

டாக்சிக்காரர் அதுவரை மணிக்கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர். கொஞ்ச நாளில் அவரும் ஒரு மூட்டையோடு வந்து நின்றார். கடைசியாக ஏறுவார். உச்சியில் வாய்க்குள்ளேயே ஏதோ பெயரை முணுமுணுத்துவிட்டு இறக்குவார்.

இன்று கேப்டன் அதைத் தராசில் மாட்டினார். ஐம்பத்திரண்டு.

"போன மாசம் ஐம்பதுதானே. யாரு எடைய்யா இது?"

"வளர்ற பிள்ளை, கேப்டன்."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. பிளம்பர் அவர் காலை மிதித்தார்.

"இல்லாத பிள்ளை எப்படி வளரும்? இது விசுவாசம் இல்ல, வீறாப்பு. நானும் தூக்கறேன் பார்னு காட்டற வேலை. ஆண்டவர்கிட்டயே கள்ள எடை. அடுத்த வாரத்துலேர்ந்து நீ வரவேண்டாம்."

டாக்சிக்காரர் முகம் வாடிப்போனது. மூட்டையைத் தராசிலிருந்து கழற்றினார்.

"இன்னைக்குத் தூக்கலாமில்ல?"

"தூக்கித் தொலை."

டாக்சிக்காரரை முன்னால் விட்டுக் கேப்டன் பின்னாலேயே ஏறினார். நாற்பதாவது படி வரை சரியாகத்தான் போனது. அதற்கடுத்த படியில் டாக்சிக்காரரின் முட்டி மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். மூட்டை மட்டும் தோளைவிட்டு இறங்கவில்லை.

சட்டம் சட்டம்தான். கேப்டன் வளையத்தை முன்னால் ஏறிய பிளம்பரின் இன்னொரு தோளில் மாட்டிவிட்டு மூட்டையை வாங்கிக்கொண்டார். வீம்புக்குச் சுமந்தால் முட்டி காட்டிக்கொடுக்கும் என்று ஒரு குத்து குத்திவிட்டு ஏறினார்.

பத்துப் படியில் மூச்சு இரைத்தது. வளையம் தோளில் சிவனே என்று கிடக்கும். இது கழுத்தைக் கட்டிக்கொண்டது. சாய்ந்தால் கூடவே சாய்ந்தது. ஆனாலும் கேப்டன் கேப்டன்தான். எழுபத்திரண்டும் ஏறி முடித்தார்.

மேலே மணிக்கடியில் எல்லாரும் மூட்டைகளை இறக்கிவிட்டு நின்றார்கள். கேப்டன் மட்டும் இறக்க முடியாமல் கீழே எட்டிப் பார்த்தார்.

"யோவ், பேரைச் சொல்லு. சொன்னாத்தானே இறக்க முடியும்?"

டாக்சிக்காரர் படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்ச பேருதான், கேப்டன்."

"விளையாடாதே. முதுகு ஒடியுது."

"அன்னைக்குப் பெட்டியோட என் வண்டியிலதான் ஏறினான். இப்ப பார்சல் ஆபீஸ்ல லோடு ஏத்தறான். வெள்ளிக்கிழமை தவறாம போய்ச் சாப்பிட வெச்சுட்டு, அங்க இருக்கற தராசுலயே நிக்க வெப்பேன். முதல் தடவை நாப்பத்தேழு. எலும்பும் தோலுமா இருந்தான். நேத்து அம்பத்திரண்டு."

வளையத்தோடு நின்ற பிளம்பர் அதை மெல்லத் தரையில் வைத்தார்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்றார் கேப்டன்.

"சொன்னா இதையும் கொட்டிடுவீங்களே." டாக்சிக்காரர் சுவரைப் பிடித்து எழுந்தார். "மணல்கூட நான் வாங்கினது இல்ல. நீங்க சுவரோரம் கொட்டினதைத்தான் அள்ளி நிரப்பினேன்."

கேப்டன் நிமிர்ந்து, பையனின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்.

மூட்டையை இறக்கத்தான் மனசு வரவில்லை.