பன்னிரண்டு மணித் தவளை

"அசையாதீயக்கா! உள்ள பாம்பு கெடக்கு!"

அடுத்த அறைச் சுடலை கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டே கத்தினான். குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்த எவாஞ்சலினின் கையிலிருந்து பாத்திரம் நழுவியது. உள்ளே என்றால் அவள் வீடு. வீடு என்றால் ஒரே ஓர் அறை. அந்த அறையில் ஏழு வயது ஷாரோனும், பீரோவை ஒட்டித் தொங்கும் தூளியில் எட்டு மாத ஜோயலும் இருந்தார்கள்.

"இன்னா தம்பி சொல்ற? எங்க பாத்த?"

"பாக்கலக்கா. சத்தம் கேக்கலியா? நல்லா கேளுங்க."

கேட்டது. தவளைதான். ஆனால் மழையைக் கண்டு குஷியாகக் கத்துகிற தவளை இல்லை. விட்டு விட்டு, இழுத்து இழுத்து ஒரு கதறல்.

"பாம்பு வாயில மாட்டுன தவளைதான் இப்பிடி அழும். எங்கூரு வயக்காட்டுல எத்தன தடவ கேட்டிருக்கேன்!" என்றான் சுடலை. நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் கண் அசந்தவன். வந்த தூக்கமெல்லாம் எங்கே போனதோ, முகம் வெளிறிக் கிடந்தது.

பயப்படாமல் என்ன செய்வாள்? ஒரகடத்தில் ஏரியோரம் மனை போட்டு வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டால், மழைக்குப் பாம்பு வேறு எங்கேதான் போகும்? போன வாரம்தான் எதிர் வரிசையில் பாத்ரூம் வாளிக்குப் பின்னால் ஒரு நல்ல பாம்பு கிடந்தது. கணவன் நிர்மலைக் கூப்பிடலாம் என்றால், கம்பெனியில் லைன் வேலையில் நிற்கும்போது அவன் போன் லாக்கரில் இருக்கும்.

எல்லாம் இந்தத் தவளையால் வந்த வினை என்று அவளுக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்டு இது மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளும் ஷாரோன் போனைக் கீழே வைக்கவில்லை. கண் சிவந்ததுதான் மிச்சம். "நாளைக்கு போனும் கிடையாது, டிவியும் கிடையாது. நாள் பூரா தவளை!" என்று நேற்றிரவு எவாஞ்சலின் அறிவித்துவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஒன்பது மணிக்குக் காகிதத் தவளை. பத்து மணிக்குக் கோதுமை மாவில் முட்டை, தலைப்பிரட்டை, தவளை. பதினொரு மணிக்குத் தவளைப் பாய்ச்சல். இப்படி வரிசையாக. அழைப்பிதழ் வைத்தது போல நிஜத் தவளையே வந்துவிட்டது, பாம்பையும் கூட்டிக்கொண்டு!

"ஷாரோன்! ஏய் ஷாரோன்!"

மறுபடியும் அந்தக் கதறல்தான் வந்தது.

"இயேசப்பா!" என்று அலறிக்கொண்டே எவாஞ்சலின் உள்ளே பாய்ந்தாள். பாம்பாவது ஒன்றாவது! தூளியிலிருந்து ஜோயலை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. குழந்தை வீறிட்டு அழுதான்.

"ஷாரோன காணோம் தம்பி! கட்டில்ல இல்ல! ஐயோ, எம்புள்ள எங்க போச்சு?"

சுடலை மாப்புக் கட்டையை ஓங்கிப் பிடித்தபடி உள்ளே போனான். சத்தம் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. குனிந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தான்.

கட்டிலுக்கு அடியில், பச்சைத் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஷாரோன் குந்தியிருந்தாள். வாயைக் கோணிக்கொண்டு இன்னொரு முறை கதறினாள். அச்சு அசல் அதே சத்தம். பிறகு களுக்கென்று சிரித்தாள்.

"பன்னண்டு மணிக்குத் தவள மாதிரி கத்தணும்னு நீதானம்மா எழுதி ஒட்டியிருக்க? மணி பன்னண்டாயிடுச்சு!"

சுடலை கட்டையைப் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஏட்டி! நீ கத்துன கத்துல எனக்குப் பாதி உசுரு போயிட்டு. இனிமே கத்துனா தூங்குத ஆள எழுப்பிச் சொல்லிட்டுக் கத்து!" என்று சிரித்தபடியே தன் அறைக்குப் போய்ப் படுத்தான்.

எவாஞ்சலினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மகள் முதுகில் ஒன்று வைத்தாள். அடுத்த நொடியே இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். வெளியில் சொன்னால் வெட்கக்கேடு என்று சிரிப்பும் வந்தது. தோளில் கிடந்த ஜோயல் அழுது ஓய்ந்து கண் சொக்கினான். அவனைப் பழையபடி தூளியில் கிடத்தி, மெல்ல ஆட்டிவிட்டாள்.

"ஆனாலும் சூப்பரா கத்துறடி. நான் கொர்ர் கொர்ர்னுதான சொல்லித் தந்தேன்? போனும் குடுக்கல. இத்த எங்கருந்து புட்ச்ச?"

ஷாரோன் பெருமையாகத் தூளிப் பக்கம் கை நீட்டினாள்.

"காலையில நீ துணி தொவைக்கப் போனப்போ, அந்த பீரோவுக்குப் பின்னாடி ஒரு தவள இப்படித்தாம்மா கத்திகினு இருந்துச்சு."